துணை இல்லை என்று எழுதிய வாரம்

நான் இருக்கும் ஜெர்மன் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலிப் புட்டிகளைத் தொட்டியில் போடக் கூடாது. கண்ணாடி உடையும் சத்தம் அக்கம்பக்கத்தாரின் ஓய்வைக் கெடுக்குமாம். வந்த புதிதில் ஒருவர் மாடியிலிருந்து 'ருஹே' என்றார். அமைதி என்று பொருள். தூத்துக்குடி துறைமுகச் சாலையின் லாரிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள் நான். இந்த அமைதியில்தான் தூக்கம் வருவதில்லை.

கோள்கள் சுற்றிவரும் நட்சத்திரங்களுக்குத் துணையாக இன்னொரு நட்சத்திரம் உண்டா என்று தேடுவது என் வேலை. படத்தில் பக்கத்தில் மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தால் போதாது. சில வருடம் கழித்து எடுத்த படத்திலும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே நகர்ந்திருந்தால் துணை. இல்லையென்றால் அந்தப் புள்ளி எங்கோ வெகுதொலைவில் இருப்பது, நம் பார்வைக்கு மட்டும் பக்கத்தில் தெரிகிறது.

"ஒத்தையா சோடியான்னு பாக்கதுக்கா அவ்வளவு தூரம் போன?" என்று போனில் சிரித்தான் அண்ணன். மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் அவனுக்கு வேலை. சென்ற மழைக்காலத்தில் அந்தத் தோணி கவிழ்ந்தது. மற்றவர்களை ஒரு கப்பல் தூக்கிக்கொண்டது. அண்ணன் கிடைக்கவில்லை. "கெடைச்சதும் வா" என்றாள் அம்மா. நான் அலுவலகம் போனேன். என் முகத்தைப் பார்த்து, என்ன என்று கேட்டார் உடன் வேலைசெய்யும் ஊவெ. எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "அண்ணன் கடலில் இருக்கிறான்" என்றேன். "ஷோன்" என்றார். நல்லது என்று அர்த்தம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்குமா என்றும் கேட்டார். இருக்கும் என்று சொல்லிவிட்டு கணினியைத் திறந்தேன்.

சில மாதங்கள் கழித்து அம்மா கூப்பிட்டாள். "மாதா கோயில்ல சாமியார் பூசைக்கு நாள் கேக்காரு. ஒன் மைனி வேண்டாங்கா. பூசை வச்சிட்டா செத்துட்டாருன்னு ஆயிரும்லாங்கா. நீ சொல்லு ஏளா."

போனை அண்ணன் மனைவியிடம் கொடுக்கச் சொன்னேன்.

"நீ என்ன சொல்லுத?" என்றாள் மைனி.

"வச்சிருவோம் மைனி."

"சரி. நீ வாரியா?" என்றாள்.

விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அது கைக்கு வராமல் கிளம்பினால் திரும்பி உள்ளே வர முடியாது. அதைச் சொன்னேன். அதற்கும் சரி என்றாள்.

அந்த வாரம் பார்த்த நட்சத்திரத்தின் புள்ளி சேர்ந்து நகரவில்லை. துணை இல்லை என்று எழுதிவிட்டு அடுத்ததைத் திறந்தேன். அழுகை வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன்.

பூசை அங்கே சாயங்காலம், இங்கே மதியம். அலுவலகச் சாப்பாட்டு மேசையில் போனில் வீடியோவைத் திறந்து உட்கார்ந்தேன். அம்மா தன் போனைப் பக்கத்தில் பெஞ்சில் வைத்திருந்தாள். கோயில் முகடும் சுற்றும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. பாட்டு தொடங்கும் முன், "இங்கன ஆளு உண்டா?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

"உண்டு. எம்மவ இருக்கா" என்றாள் அம்மா.

கேட்டவள் நகர்ந்துபோனாள். பூசை முடியும்வரை மேசையை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அங்கே அந்த இடம் காலியாகிவிடும்.