பேசாத சுற்று

சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் ஜாக்கியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வயதில் குதிரை ஏறுகிறாளே என்று கேலியாக ஆரம்பித்த பெயர்தான். ஆனால் யார் கூப்பிட்டாலும் அவள் நிமிர்ந்து நின்று "என்ன?" என்று கேட்ட தோரணையில், கேலி செய்தவர்களுக்கே அலுத்துப்போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஊரிலுள்ள ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளெல்லாம் அந்தக் கூடத்துக்குத்தான் வரும். அரை ஈரத்தில் வரும் விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்து, சூடான இஸ்திரி உருளைக்குள் நேராகக் கொடுப்பது அவள் வேலை. கொஞ்சம் கோணினாலும் சுருக்கம் அழுந்திவிடும். மறுபடி நனைத்தால்தான் போகும். அவள் கொடுத்து ஒரு விரிப்பும் கோணியதில்லை. அதற்காக யாரும் அவளைப் பாராட்டியதுமில்லை. நேராக வந்த விரிப்பைப் பார்த்து யார் பாராட்டுவார்கள்?

கைகள் அதுபாட்டுக்கு வேலை செய்ய, மனசு சாம்பல் மேல் ஏறிப் போய்விடும். சாம்பல் ஒரு பெட்டைக் குதிரை. உருளையிலிருந்து நீராவி கிளம்பும். அதற்குள் நீளமான வெள்ளைத் துணி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். பார்க்கப் பார்க்க அது பனி மூடிய ஆறாகிவிடும். கரையோரமாகச் சாம்பல் ஓடும். குளம்புச் சத்தம்கூடக் கேட்காது. வலது பக்கம் என்று அவள் நினைத்தால் போதும், வலது பக்கம் திரும்பும். கடிவாளம் சும்மா பேருக்குக் கையில் கிடக்கும். எத்தனையோ முறை அப்படியே அந்த ஆற்றைக் கடந்து, பேர் தெரியாத ஊர்களுக்கெல்லாம் போய் வந்திருக்கிறாள். பக்கத்தில் மடிக்கிறவள் தோளைத் தட்டினால்தான் திரும்பி வருவாள்.

"ஜாக்கியம்மா, எறங்குங்க. சாப்பாட்டு நேரம்."

சலவைக்கூடத்தின் பின்வாசலுக்கு எதிரே குதிரையேற்றப் பள்ளி. சேணத்துக்கு அடியில் போடும் தடித்த விரிப்புகளை அங்கிருந்து துவைக்க அனுப்புவார்கள். வியர்வையும் முடியும் அப்பிய அந்த விரிப்புகளைக் கண்டாலே மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். இவள் மட்டும் வாங்கித் துவைத்துத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒருநாள் பள்ளியை நடத்தும் டீச்சர், "ஒரு சுத்து ஏறிப் பாக்கறீங்களாக்கா?" என்று கேட்டாள். டீச்சருக்கு இவள் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. ஆனால் அந்தச் சின்ன உடம்புக்குள் எங்கிருந்துதான் அப்படியொரு குரல் இருந்ததோ, அவள் கத்தினால் தெருக்கோடிக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

அன்றைக்கு ஏறியவள்தான். உடம்பு இறங்கியது, மனசு இறங்கவில்லை. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளெல்லாம் சாம்பலுக்குத்தான்.

அவள் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். கணவர் பஸ் ஓட்டுகிறார். நாளெல்லாம் இன்ஜின் சத்தத்தையும் ஜனங்களின் கூச்சலையும் கேட்டுவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் காது ஓய்வெடுத்துக்கொள்ளும். எதற்கும் ஒரே பதில்தான், "ம்". குழாய் ஒழுகுகிறது என்றாலும் "ம்". உங்கள் தம்பி வந்தார் என்றாலும் "ம்". ஒருதரம் வேண்டுமென்றே, "வீடு பத்தி எரியுதுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். "ம்" என்றுவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார். மகள் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் இரண்டு காதிலும் எப்போதும் எதையாவது செருகியிருப்பாள். கெட்டவர்கள் இல்லை, பாவம். ஜாக்கியம்மாவின் பேச்சு அவர்களுக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளுக்குச் சாம்பல் கிடைத்தது. வேலி போட்ட வட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு டீச்சர், "நடை!" என்பாள். இவள் குதிகாலை அசைப்பதற்குள் சாம்பல் நடக்கத் தொடங்கிவிடும். "ஓட்டம்!" என்பாள். இவள் நினைத்து முடிப்பதற்குள் ஓட்டம். மற்றவர்கள் ஏறுவதெல்லாம் இளம் குதிரைகள். அதுகளோடு அவர்கள் படும் பாட்டைப் பார்க்கவேண்டுமே! பேங்க் மேனேஜர் ஒருத்தர் வருவார். அவர் உதைப்பார், கெஞ்சுவார், செல்லம் கொஞ்சுவார். அவர் குதிரை வேலியோரப் புல்லை மேய்ந்து முடித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும். ஜாக்கியம்மா அவரைத் தாண்டிப் போகும்போது இரக்கப்பட்டு, "ஒதைக்காதீங்க சார். மனசுல நெனைங்க, போதும். அது புரிஞ்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவரும் பாவம், கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்ப்பார்.

உலகத்தில் ஒரு உயிர், அவள் வாயைத் திறக்கும் முன்பே அவள் சொல் கேட்கிறது. இதை அவள் யாரிடமும் இப்படி விளக்கிச் சொன்னதில்லை. ஆனால் இதை நம்பித்தான் மற்ற ஆறு நாட்களும் ஓடின.

குதிரையில் ஆற்றங்கரைக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. வட்டத்தைத் தாண்டி வெளியே போக அந்தப் பள்ளியில் ஒரு நியமம் உண்டு. போகிறவர் முதலில் 'பேசாத சுற்று' ஒன்றை முடிக்கவேண்டும். டீச்சர் நடுவில் வாயைத் திறக்காமல் நிற்பாள். குதிரையைக் கிளப்பி, நடத்தி, ஒரு சுற்று வந்து நிறுத்தவேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஜாக்கியம்மா கேட்டபோதெல்லாம் டீச்சர் ஏதோ ஒன்றைச் சொல்லித் தட்டிக்கழித்தாள். ஒருநாள் லாடம் சரியில்லை. ஒருநாள் தரை ஈரம். ஒருநாள் சாம்பலுக்கு இருமல். அன்று அது எல்லாக் குதிரைகளையும்விட நன்றாகத்தான் ஓடியது. ஜாக்கியம்மா கடைசியில் லாயத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"எனக்குப் பயம்னு நெனைக்கிறீங்களா டீச்சர்? நீங்க பேசாம இருந்தா நான் இன்னும் நல்லாவே ஓட்டுவேன். உங்க சத்தம்தான் இடைஞ்சலே."

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள். "சரிக்கா. வர்ற ஞாயித்துக்கிழமை" என்றாள்.

அன்று வீட்டில் ஜாக்கியம்மா டிவிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு செய்தியைச் சொன்னாள். வேறு வழியில்லாததால் கணவருக்குக் காதில் விழுந்தது.

"குண்டுச் சட்டியில குதிரை ஓட்டறவளுக்கு இப்ப ஆறு கேக்குதா?" என்று சிரித்தார். "மண் குதிரைய நம்பி ஆத்துல எறங்காதே."

"வந்து பாருங்க. பாத்துட்டுப் பேசுங்க" என்றாள். மகளையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இளவெயில் சாய்வாக விழுந்து, வட்டத்துக்குள் தூசி பொன்னிறமாக மிதந்துகொண்டிருந்தது. கணவரும் மகளும் வேலிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜாக்கியம்மா ஏறி உட்கார்ந்து கடிவாளத்தை எடுத்துக்கொண்டாள். மேலிருந்து பார்க்க, கணவரின் வழுக்கை சின்னதாகத் தெரிந்தது. அதிலேயே அவளுக்கு ஒரு திருப்தி. டீச்சர் நடுவில் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஜாக்கியம்மா நினைத்தாள். நடை.

சாம்பல் நின்றது.

சரி, குதிரைக்கும் மனசு எங்கேயாவது போயிருக்கும் என்று மறுபடி நினைத்தாள். குதிகாலால் லேசாகத் தொட்டாள். சாம்பல் வாலை ஒரு தடவை வீசி ஈயை விரட்டியது. கொஞ்சம் பலமாகத் தொட்டாள். அது ஒரு பின்னங்காலைத் தளர்த்திக்கொண்டு, ஓய்வெடுக்கும் தோதில் சாய்ந்து நின்றது. "சேணம் சரியா உக்காரல" என்று ஜாக்கியம்மா பொதுவாகச் சொன்னாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளுக்கே அந்தப் பழமொழி ஞாபகம் வந்திருக்கவேண்டும், காது சிவந்துவிட்டது.

பெஞ்சில் கணவர் கொட்டாவி விட்டார். "ஸ்டார்ட் ஆகலையா? தள்ளிவிடட்டுமா?" என்றார்.

மகள்தான் காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்து வேலியருகே வந்தாள். "ஏன் டீச்சர் நிக்குது? அம்மா நல்லா ஓட்டுவாங்கன்னுதானே சொன்னாங்க?"

டீச்சர் தயங்கினாள். பிறகு, சொல்லாமல் விடுவதுதான் இனிமேல் துரோகம் என்று நினைத்தவள்போல், "அதோட காதைப் பாரும்மா" என்றாள். "ரெண்டும் எங்க இருக்கு?"

சாம்பலின் இரண்டு காதுகளும் டீச்சர் நின்ற பக்கமே குத்திட்டு நின்றன.

"நடை" என்றாள் டீச்சர், முணுமுணுப்பாக. சாம்பல் உடனே நடந்தது. "நிறுத்து." நின்றுவிட்டது.

"சாம்பல் இங்கதான் கெடந்து வளர்ந்துச்சு. எல்லா வார்த்தையும் மனப்பாடம். நான் சொன்னாப் போகும், நான் சொன்னா நிக்கும். மேல யாருங்கறதைப் பத்தி அதுக்குக் கவலை இல்ல. சேணத்துல ஒரு கனம் இருக்குனு தெரியும், அவ்வளவுதான்." டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்க்கா. ஒவ்வொரு வாரமும் அவ்வளவு சந்தோஷமா வருவீங்க. எனக்கு வாய் வரல."

ஜாக்கியம்மா கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விழுந்திருந்தால்கூடத் தேவலை. குதிரை தள்ளிவிட்டால் எழுந்து உடம்பைத் தட்டிக்கொண்டு நாலு திட்டாவது திட்டலாம். இது அவளைத் தள்ளக்கூட இல்லை. தள்ளுவதற்கு ஆள் இருப்பதாகவே அது கருதவில்லை. பனிக்குள் ஓடிய ஆற்றங்கரை, பேர் தெரியாத ஊர்கள், வலது பக்கம் என்று நினைத்ததும் திரும்பிய அந்தக் கழுத்து எல்லாம் கண்முன் ஒவ்வொன்றாகக் கரைந்தன. வீட்டில் ஒரு கனம். இங்கேயும் ஒரு கனம்.

"எறங்கிருங்கக்கா. இன்னொரு நாள் பாக்கலாம்."

"மாட்டேன்."

"அக்கா..."

"பேசாதீங்க டீச்சர். நீங்க பேசினா அது உங்களைத்தான் கேக்கும்." பெஞ்சில் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்களும் பேசாதீங்க" என்றாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். மகள் வேலிக்கட்டையைப் பிடித்தபடி நின்றாள். எல்லாச் சத்தமும் அடங்கியது. தூசி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. வெயிலின் இளஞ்சூட்டில் சாம்பலுக்குக் கண் சொருகியது. அதன் மூச்சு உள்ளே போக, விலா விரிந்தது. வெளியே வர, ஒடுங்கியது. ஜாக்கியம்மாவின் முழங்கால்கள் அதோடு விலகி, அதோடு சேர்ந்தன. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதுதான் அதை உணர்ந்தாள். இவ்வளவு நாளும் அவள் மேலே உட்கார்ந்து ஆற்றங்கரையில் போய்க்கொண்டிருந்தாள். கீழே இந்த மூச்சு அவள் கவனிக்காமலே போய் வந்துகொண்டிருந்தது. தன் சொல் கேட்கிறது என்று கொண்டாடினாளே, அதனிடம் அவள் ஒரு சொல்லாவது சொன்னதுண்டா? வாய்விட்டு அதைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை.

குனிந்து கழுத்தில் கையை வைத்தாள். கழுத்து சூடாக இருந்தது.

"சாம்பல்" என்றாள். குரல் பிசிறியது. "நான்தான்டி. இங்க மேல இருக்கேன்."

ஒன்றும் நடக்கவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை இரண்டு கால்களாலும் அதன் விலாவை மெதுவாக அணைத்து, விடாமல் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

முன்னால் குத்திட்டு நின்ற காதுகளில் ஒன்று, இடது காது, அசைந்தது. ஈயை விரட்டுவதற்காக இருக்கும் என்று அவள் நினைத்தாள். ஆனால் அது மெல்லத் திரும்பி, பின்பக்கமாக, அவள் பக்கமாக வந்து நின்றது. உள்ளே இளஞ்சிவப்பாக, மெல்லிய ரோமத்தோடு, அந்தக் காது அவளுக்காகத் திறந்திருந்தது.

ஜாக்கியம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நடை" என்று சொன்னாளா, "வா" என்று சொன்னாளா, அவளுக்கே தெரியாது. சாம்பல் பெருமூச்சு விட்டது. தளர்த்தியிருந்த காலை ஊன்றியது. பிறகு ஒரு அடி எடுத்து முன்னால் வைத்தது.

வைத்துவிட்டு நின்றது. தூங்கவில்லை. காதை அப்படியே பின்பக்கம் வைத்துக்கொண்டு நின்றது. வேலியோரத்தில் கணவரும் மகளும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று குதிரை காத்திருக்கிறது என்பது ஜாக்கியம்மாவுக்கு உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. அப்படி யாரும் அவளுக்காகக் காத்திருந்ததில்லை. வாயைத் திறந்தாள், சொல்வதற்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.