தனலட்சுமி அக்கா கேட்ட ஒரு சொல்

தனலட்சுமி அக்கா இறந்துவிட்டார்கள் என்று அவர்களுடைய அண்ணன் நல்லூரிலிருந்து போன் செய்தபோது, ஆய்வகத்தில் ரத்தக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில், காய்ந்த பொம்மைகளைத் தேய்த்து மழமழப்பாக்கும் வேலை அக்காவுக்கு. இருபது ஆண்டுகள், நாள் முழுக்க வெள்ளைத் தூசி. நாள்பட்ட நுரையீரல் நோயில் மரபணுவின் பங்கை ஆராயும் எங்கள் குழு அங்கே போனபோது, முதலில் கை நீட்டியவர்கள் அவர்கள்தான்.

"நல்லா எடுத்துக்கங்க தம்பி. மூச்சுதான் பத்தல, ரத்தம் இருக்குது" என்று சிரித்தார்கள். அண்ணனையும் பஸ்ஸில் வரவழைத்து ரத்தம் கொடுக்க வைத்தார்கள்.

தூசி பட்டால் நுரையீரல் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கெடக்கூடிய மரபணு மாற்றம் இருவருக்குமே இருந்தது. அதைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. நீளமாக இருக்கிறதே என்று, 'பரம்பரைக் காரணம் உண்டு' எனச் சுருக்கிவிட்டேன். என் கையை ஒடிக்க வேண்டும்!

பட்டறையில் தூசி இழுக்கும் ஃபேன் கேட்டு அக்கா அலுத்துப்போயிருந்தார்கள். இந்தத் தாளையாவது காட்டுவோம் என்று கொண்டுபோனார்கள். மேனேஜர் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, "இது ஒங்க வூட்டு சீக்கும்மா. இதுக்கு நாங்க எதுக்கு ஃபேன் போடணும்?" என்றாராம். எவ்வளவு வசதியாகப் போயிற்று அவருக்கு!

மறுநாளே அண்ணனோடு என்னிடம் வந்து நின்றார்கள்.

"அண்ணனுக்கும் அதேதான் இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? எனக்கு மூத்தவரு, வயல்ல வேல செய்யுறாரு. ஒரு தடவ இருமச் சொல்லுங்க, பாப்போம்!"

அண்ணன் நிஜமாகவே முயன்று பார்த்தார். "வரமாட்டேங்குதே" என்றார்.

"தூசின்னு ஒரு வார்த்த சேத்துக் குடுங்க தம்பி. எனக்காக இல்ல. அங்க இன்னும் பொண்ணுங்க வேல செய்யுறாங்க."

அன்றே திருத்தி எழுதினேன். தாள் மேலதிகாரியின் கையெழுத்துக்குப் போனது. "பார்க்கலாம்" என்றார். மாதக்கணக்கில் பார்த்தார். அதற்குள் அக்கா போய்விட்டார்கள்.

சாவு வீட்டுக்கு மேனேஜர் மாலையோடு வந்தார். "பாவம், குடும்பத்துலயே இருக்குற சீக்கு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். வெட்கமே இல்லை!

அறுபதைத் தாண்டிய அண்ணன் பாடையின் முன்பக்கத்தைத் தோளில் ஏற்றினார். சுடுகாடு வரை தோள் மாற்றவில்லை. ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. மேனேஜரும் பின்னாலேயே நடந்து வந்தார், இளைக்க இளைக்க.

அக்கா, யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல் இங்கே எழுதுகிறேன்: தூசி. போய் வாருங்கள்.