வத்தகக் கொடியில் பிசின்: பாலமுனையிலிருந்து தம்பிலுவிலுக்கு ஓர் அவசரப் பயணம்

வத்தகப்பழத்தை, அதாவது தர்ப்பூசணியை, வெட்டித் தின்றிருக்கிறேன், சந்தையிலிருந்து சுமந்து வந்திருக்கிறேன். கொடியில் கிடந்து ஒருநாளும் பார்த்ததில்லை. கண்டியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது எப்படி வாய்க்கும்? அதனால்தான், பாலமுனையில் கல்யாணம் முடித்துக்கொண்டு போன என் கம்பஸ் தோழி றிஸ்னா, "ஆகஸ்ட் லீவுக்கு வா, அறுவடை இரிக்கி" என்று சொன்ன அன்றைக்கே பையை அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

கண்டியிலிருந்து கல்முனைக்கு நேரடி பஸ் இருக்கிறது. மகியங்கனை, அம்பாறை வழியாக எனக்கு ஏழு மணித்தியாலம் பிடித்தது. மலை இறங்கி, வயல்வெளி விரிந்து, காரைதீவுச் சந்தியில் கடற்காற்று முகத்தில் அடித்தபோது இருக்கையில் இருப்புக்கொள்ளவில்லை. பாலமுனைக்குப் போகிறவர்கள் அந்தச் சந்தியிலேயே இறங்கி அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறலாம். றிஸ்னா கல்முனைக்கு வரச்சொன்னதால் நான் கடைசிவரை போனேன்.

பஸ் நிலையத்தில் அவள் கையில் ஒரு ஷொப்பிங் பை இருந்தது. தின்ன ஏதோ வாங்கியிருக்கிறாள் என்று ஆசையோடு எட்டிப் பார்த்தேன். உள்ளே ஓரம் கருகிய இலைகளும் ஒரு துண்டுக் கொடியும். கொடியின் அடித்தண்டு வெடித்து, முருங்கை மரத்தில் வடிவதுபோலச் செம்மஞ்சள் பிசின் வடிந்திருந்தது. மருந்துக்கடையில் காட்டினாளாம், கடைக்காரர் ஒரு பூச்சிமருந்தை எடுத்து வைத்தாராம். என்ன நோயென்று தெரியாமல் அடிக்க மாட்டேன் என்று வாங்காமலே வந்துவிட்டாள். விவசாயப் போதனாசிரியர் பின்னேரம் தோட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

தோட்டம் ஊருக்கு மேற்கே, மணல் தரையில். கவலையான நேரம்தான், ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இலைகளுக்கு நடுவே பச்சைக் கோடு போட்ட காய்கள் கூட்டம் கூட்டமாகக் கிடந்ததைப் பார்த்ததும் சின்னப் பிள்ளைபோல ஓடப்போனேன். றிஸ்னாவின் கணவர் நவ்பர் கையைக் காட்டி நிறுத்தினார். கீழ்ப்பக்கப் பாத்தி முழுவதும் வாடிக் கிடந்தது.

போதனாசிரியர் நாலைந்து கொடிகளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, இது பூச்சியோ வைரசோ இல்லை, தண்டில் பிசின் வடியவைக்கும் பங்கசு, ஒரு பூஞ்சணம் என்றார். விதையோடு வரக்கூடியது, இலை ஈரமாக இருந்தால் தண்ணீர் தெறித்துத் தெறித்துப் பரவும். பின்னேரம் ஸ்பிரிங்ளர் சுற்றுவதை அன்றே நிறுத்தச் சொன்னார். காலையில், வேரடிக்கு மட்டும் தண்ணீர். நோய்பட்ட கொடிகளை வரம்பில் போடாமல் எரிக்க வேண்டும். மற்றப் பாத்திகளுக்குத் தான் எழுதித் தரும் பங்கசுநாசினிகளை மாற்றி மாற்றி அடிக்கலாம். லேபிளில் சொன்ன காலம் கழியுமுன் காய் பறிக்கக் கூடாது.

அவர் போன பிறகுதான் றிஸ்னாவின் முகம் மாறியது. அவள் வளர்த்த நாற்றில் பாதியைத் தம்பிலுவிலில் இருக்கும் சிவராசா என்பவர் வாங்கிக்கொண்டு போயிருந்தார். ஒரே விதை, ஒரே நாற்றுத் தட்டு. அவரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றாள்.

நவ்பருக்கு அது பிடிக்கவில்லை. அங்கே நோய் வராமலும் போகலாம், நாமே போய் ஏன் பழியைச் சுமக்க வேண்டும் என்றார்.

"வந்தா என்ன செய்யிற? அந்த மனிசன் எங்கள நம்பித்தானே நாத்து எடுத்த," என்றாள் றிஸ்னா.

அவர் கொடி பிடுங்கப் போய்விட்டார். நானும் கூடவே பிடுங்கினேன். முற்றாத காய்களோடு கொடிகள் குவிந்தன.

மறுநாள் காலை தம்பிலுவிலுக்கு ஆட்டோ பிடித்தோம். அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று தாண்டி இருபது கிலோமீற்றருக்குக் கிட்ட. காத்திருப்பும் சேர்த்துப் போகவர நாலாயிரம் ரூபாய். போகுமுன் மூவரும் உடுப்பு மாற்றி, செருப்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். எங்கள் தோட்டத்து மண்ணை அவருடைய தோட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாதல்லவா. மூவர் என்றேனே, ஆம்: நாங்கள் வெளியே வரும்போது நவ்பர் ஆட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தார். ஏனென்று றிஸ்னா கேட்கவில்லை. வத்தகைக்குச் சுகமில்லை என்று போகிறோம் என்றதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "மனிசருக்கு ஆஸ்பத்திரி இரிக்கி. வத்தகைக்கு நீங்கதான் போல," என்றார். பயத்திலும் சிரிப்பு வந்தது.

சிவராசா வேலியோரம் நின்றார், ஐம்பது வயதிருக்கும். றிஸ்னா வாயைத் திறக்குமுன் நவ்பர் முந்திக்கொண்டார்.

"அண்ணன், எங்கட தோட்டத்தில நோய். விதை நான்தான் வாங்கின. லேபிள் இல்லாத விதை, மலிவெண்டு எடுத்திட்டன். உங்களுக்குத் தந்ததும் அதுதான்."

சிவராசா வேலிக் கதவைத் திறந்தார். பிறகு, "எந்த இடத்தில பார்க்கோணும்?" என்று மட்டும் கேட்டார்.

நாலு பேரும் ஆளுக்கொரு வரிசையாக, பனி காய்ந்த பிறகு இறங்கினோம். இலையின் ஓரத்தையும் அடித்தண்டையும் பார்க்க வேண்டும் என்று எனக்கும் சொல்லித் தந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு கொடி. இலையோரம் கபில நிறம், தண்டில் ஒரே ஒரு பிசின் துளி. நான் போட்ட சத்தத்தில் மற்ற மூவரும் ஓடிவந்தார்கள். நோயைக் கண்டுபிடித்து இவ்வளவு சந்தோசப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் இப்போதுதான் தொடங்கியிருந்தது! அந்தத் தோட்டம் முழுவதிலும் ஏழு கொடிகள்தான். பிடுங்கினோம், எரித்தோம்.

தேத்தண்ணி குடிக்கும்போது சிவராசா சொன்னார்: "நோய் வந்தா ஆக்கள் மறைக்கத்தான் பார்ப்பாங்க, தங்கச்சி. இன்னும் ஒரு கிழமை போயிருந்தா எனக்கு ஒண்டும் மிஞ்சியிராது." அடுத்த போகத்துக்கு லேபிள் உள்ள விதையைச் சேர்ந்தே வாங்குவோம் என்று அவரும் நவ்பரும் அங்கேயே பேசி முடித்தார்கள்.

வத்தகத் தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூலை, ஆகஸ்ட் நல்ல காலம். வெயில் கடுமை, தொப்பி கட்டாயம். இலையில் ஈரம் இருக்கும்போது தோட்டத்துக்குள் இறங்காதீர்கள். ஒரு தோட்டம் பார்த்த செருப்போடு இன்னொன்றுக்குப் போகாதீர்கள். வீட்டில் நடுகிறவர்கள் வத்தகை நோய்ப்பட்ட இடத்தில் அடுத்த இரண்டு வருடமாவது கெக்கரி, பூசணி, பாகல் எதையும் நடவேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம், நோயும் பொது. நாற்றை யாருக்காவது கொடுத்திருந்தால், உங்கள் கொடியில் பிசினைக் கண்ட அன்றே அவருக்குச் சொல்லிவிடுங்கள். பயப்படும் அளவுக்கு அது கடினமில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பாலமுனைத் தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சம் தப்பியது. நான் கண்டிக்குத் திரும்பி இரண்டு கிழமைக்குப் பிறகு றிஸ்னா வீடியோ அழைப்பில் வந்தாள். சிவராசா தன் முதல் அறுவடையில் மூன்று காய் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கியிருந்தார். நவ்பர் ஒன்றைப் பிளந்து, பாதியைக் கமெராவுக்குக் கிட்டப் பிடித்தார்.

"எங்கடத விட நல்ல சிவப்பு," என்றார், தானே விளைவித்ததுபோல.