கடைக்கு வரைந்த பூ

போன வாரம் அந்தியூர் போயிருந்தேன். என் அக்கா சரசுவைக் கட்டிக்கொடுத்த ஊர்.

நான் உள்ளே நுழையும்போது அக்கா கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். இடது கையால். வகிடு பர்கூர் மலை ரோடு மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது.

நம் வாய்தான் சும்மா இருக்காதே...

"ஏக்கா, வலது கை லீவு லெட்டர் குடுத்துப்போட்டுதா?"

"வாடா சாமி. லீவெல்லாம் இல்ல, வேலையவே உட்டுப்போட்டு நின்னுருச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் 'எங்கே, தூக்கிக் காட்டு' என்றபோது அந்தக் கை நெஞ்சு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. அதற்கு மேல் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முயன்றாள். வரவில்லை.

தோள்பட்டை இறுகிப்போய்விட்டதாம். ஈரோட்டு டாக்டர் சொல்லியிருக்கிறார். முழுசாகத் திரும்புமா என்பதை ஆறு மாசம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம். திரும்பாமலே போகலாம் என்றும் சொன்னாராம்.

"எதுனாலயாம்?" என்றேன்.

"ஆட்டுக்கல்லுனாலயாம்."

எனக்கு விளங்கவில்லை. ஆட்டுக்கல்லா? கோயம்புத்தூரில் கிரைண்டர் கம்பெனியில் வேலை பார்த்த தம்பி, தன் கையாலேயே பெயிண்ட் அடித்து, கல்யாணச் சீரோடு ஒரு கிரைண்டரையும் ஏற்றி அனுப்பிய அக்கா இவள். இவளுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்?

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

நானும் பள்ளிக்கூடமும் ஒன்பதாம் வகுப்போடு சமாதானமாகப் பிரிந்துகொண்டோம் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கிரைண்டர் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு ஷெட், மூன்று லேத், ஒரு முதலாளி. எனக்குப் பெயிண்டிங் செக்‌ஷன். அந்த செக்‌ஷனின் மொத்த ஆள்பலம் - நான்.

மேஜை மேல் வைக்கிற சின்னக் கிரைண்டர் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. எங்களுடையது நல்ல கிரைண்டர். மோட்டார் முனகாது. மாவு வெண்ணெய் மாதிரி வரும். ஆனால் விற்காது. ஏன்? கலர். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடிக்கிற பச்சை இருக்கிறதே... அதே பச்சை. பார்த்தால் ஊசி போடுவார்களோ என்று பயம் வரும்.

கடைகளுக்கு டெமோ காட்டவும் முதலாளி என்னைத்தான் அனுப்புவார். வாய் இருக்கிறதே. அங்கே நின்று நின்று ஒரு விஷயம் கண்டுபிடித்தேன்.

ஜனங்கள் குடும்பமாக வருவார்கள். வீட்டுக்காரர் மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்று கேட்பார். பதில் சொன்னால் தலையாட்டுவார். புரிந்ததா என்று நாம் திருப்பிக் கேட்கக்கூடாது. மாமியார் ட்ரம்மை விரலால் தட்டிப் பார்ப்பார், தேங்காய் வாங்குகிற மாதிரி. மருமகள் ஒன்றுமே கேட்கமாட்டாள். ஆனால் அவள் கை மட்டும் மெதுவாகப் போய், எது பளபளவென்று இருக்கிறதோ அதைத் தடவும். அவ்வளவுதான். பில் போட்டுவிடலாம். ஹெச்.பி.யாவது ஒன்றாவது!

முதலாளியிடம் சொன்னேன். பச்சையைத் தூக்கிப் போட்டுவிட்டு மெரூன் கலர் அடித்தேன். மேலும் கீழும் தங்கக் கோடு. நடுவில் ஒரு மல்லிகைக் கொத்து - பிரஷ் பிடித்துக் கையாலேயே போட்டது. முதலாளி அதை ரெண்டு சுற்று சுற்றி வந்தார்.

"ஜோராத்தான் இருக்குது. ஏப்பா, இந்தப் பூவெல்லாம் தண்ணி பட்டா நிக்குமா?"

நிற்காது. எனக்குத் தெரியும். பூவுக்கு மேல் வார்னிஷ் அடித்து இன்னொரு தடவை சூடு காட்ட வேண்டும். அதற்கு ஒரு நாள் கூடுதலாக ஆகும்.

"கடைக்குள்ள எங்கீங்க மழை பேயுது?" என்றேன்.

லேத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அந்தக் கேள்வி முடிந்துபோனது. என் வாழ்க்கையில் இப்படிச் சிரிக்க வைத்தே மூடிப்போட்ட கேள்விகள் எத்தனையோ...

மெரூன் பிய்த்துக்கொண்டு போனது. கடைக்காரர்களிடம் சொல்லி, நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், இடுப்பு உயரத்தில், மேலே ஒரு பல்பு தொங்க விட்டு வைக்கச் சொன்னேன். யாருமே அதைத் தொடாமல் தாண்டிப் போக முடியாது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். டெமோவில் மாவு ஆட்டிக் காட்டுவது பழைய பச்சையில். விற்பது மெரூனை. மெரூனில் மாவு பட்டால் அழகு போய்விடும் இல்லையா? தினமும் அந்தப் பச்சையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வருவேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை.

மூன்று வருஷம் ஆனது. கடைக்காரர்கள் வந்தால் முதலாளி மார் தட்டிக்கொள்வார். "மெரூன்ல இருந்து ஒரு மிசினு சர்வீசுக்குன்னு திரும்பி வந்திருக்குதுங்களா? நீங்களே சொல்லுங்க. அதானுங்க குவாலிட்டி." ஷெட்டில் எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டியது நான்தான்.

அக்கா கல்யாணம் வந்தது. அவளுக்கு மட்டும் ஸ்பெஷல். ஒரு கொத்து இல்லை, கிரைண்டரைச் சுற்றி மல்லிகைக் கொடி. இலைக்கு ஒரு பிரஷ், பூவுக்கு ஒரு பிரஷ். நாலு நாள் உட்கார்ந்தேன். மண்டபத்தில் சீர் வைத்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் அதைச் சுற்றித்தான் கூட்டம். "பொண்ணப் பாத்தவங்களைவிட கிரைண்டரப் பாத்தவங்கதான் எச்சு" என்று மணவறையில் இருந்தவளிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை அந்தியூர் போவேன். தோசை தின்பேன், வருவேன். கிரைண்டர் ஹாலில், டிவி பக்கத்தில், ஒரு ஸ்டூலின் மேல் இருக்கும். உல்லனில் பின்னிய உறை போட்டு, மேலே குங்குமப் பொட்டு வைத்து. பிளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கிறதுபோல என்று நினைத்துக்கொண்டேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமை அடிக்க மாமியார் செய்கிற வேலை என்றும் நானாகவே முடிவு பண்ணிக்கொண்டேன். முடிவு பண்ணினதோடு விட்டேனா? கொஞ்ச நாள் முன்னால் இதே பக்கத்தில், கிரைண்டருக்கு ஸ்வெட்டர் போட்ட ஒரு மாமியாரைப் பற்றி எழுதினேன். நீங்களும் சிரித்தீர்கள். கடிதமெல்லாம் போட்டீர்கள்.

சரி, போன வாரத்துக்கு வருவோம்.

"கிரைண்டர் இருக்கறப்போ ஆட்டுக்கல்லு எதுக்குக்கா? தொடக்கூடாதுன்னு அத்தை சொல்லிப்போட்டாங்களா?" என்றேன். குரலைத் தணித்துத்தான். ஆனால் அத்தை - அதாவது அக்காவின் மாமியார் - காப்பி டம்ளரோடு எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நானா தம்பி?" என்றார். கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்க பொஸ்தகத்துல எழுதிப்போட்டா ஆச்சுங்களா? வந்த நாளா சொல்றேன், சமையக்கட்டுக்கு எடுத்துட்டு வந்து ஆட்டு கண்ணுன்னு. உங்கக்கா கேட்டாத்தானுங்க."

அக்கா சீப்பில் இருந்த முடியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

விஷயம் இதுதான். கல்யாணமாகி வந்த முதல் மாசம் ஒரே ஒரு நாள் அதில் மாவு ஆட்டியிருக்கிறாள். உளுந்து பொங்கி ஓரமாக வழிந்திருக்கிறது. யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். துணியோடு ரெண்டு பூவும் ஒரு சாண் தங்கக் கோடும் வந்துவிட்டது. அன்று முழுக்க அழுதிருக்கிறாள். காய வைத்து, துடைத்து, ஹாலுக்குக் கொண்டுபோய், அழிந்த பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டாள். உல்லன் உறை பின்னியதும் அவள்தான்.

அப்புறம் நாலு வருஷம். ஏழு பேர் சாப்பிடுகிற வீடு. ஆட்டுக்கல்.

"போனாப் போகுது, பெயிண்ட்டுதான, உடு அம்மணின்னு சொன்னேனுங்க தம்பி," என்றார் அத்தை. "அதுக்கு உங்கக்கா, என்ற தம்பி நாலு நாள் உக்காந்து போட்டதுங்க, நான் ஒரே நாள்ல அழிச்சுப்போட்டேன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சுபோவான்னு சொன்னா. நான் என்ன பண்றது?"

நான் அக்காவைப் பார்த்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ?"

"சொன்னா என்ன பண்ணுவே?" என்றாள். "கிண்டல் பண்ணுவே."

 நாக்கை வைத்தே பிழைக்கிறவன், நேராகக் கிரைண்டரிடம் போனேன்.

உறையைக் கழற்றிவிட்டு கிரைண்டரைச் சுவர்ப் பக்கத்திலிருந்து திருப்பினேன். ரெண்டு பூ இருந்த இடத்தில் ஒரு தீற்றல். அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஷெட்டிலிருந்து நேற்று இறக்கின மாதிரி. கல்லில் தேய்மானமே இல்லை. சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லாமல் சுற்றியது - நாலு வருஷமாக இதற்காகத்தான் காத்திருந்தது போல.

அப்போதுதான் முதலாளியின் குவாலிட்டி எனக்குப் புரிந்தது. ஒரு மெஷின்கூட ஏன் சர்வீசுக்கு வரவில்லை? ஓடினால்தானே ரிப்பேராகும்? நான் பூப் போட்ட மெரூன் கிரைண்டர்கள் எத்தனை வீட்டு ஹாலில், எத்தனை ஸ்டூலின் மேல், உறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன? எத்தனை பேர் அதைத் தாண்டி ஆட்டுக்கல்லுக்குப் போய் உட்காருகிறார்கள்? கணக்கு எனக்குத் தெரியாது. யோசிக்கவும் தைரியம் இல்லை.

நான் அந்தப் பூவை வரைந்தது கடைக்காக. பல்பு வெளிச்சத்தில் ஒரு கை வந்து தடவ வேண்டும், அதற்காக. அந்தக் கை வீட்டுக்குப் போய் என்ன செய்யும், அதில் மாவு இருக்குமா, ஈரம் இருக்குமா என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. வாங்குகிறவரைக்கும்தான் எனக்கு அவர்கள் மனுஷர்கள். பார்க்கிற பொருளாகச் செய்துவிட்டு, ஏன் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்று நானே கேலியும் பண்ணினேன். என்ன திமிர்!

அக்கா வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அங்கே போய் உப்புத்தாள் வாங்கி வந்தேன். கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய், துவைக்கிற கல்லின் மேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். இலை, பூ, கோடு... நாலு நாள் போட்டது, அரை மணி நேரத்தில் துவைக்கிற கல்லைச் சுற்றித் தூளாகக் கிடந்தது. கிரைண்டர் சொறி பிடித்த மாதிரி ஆனது. இனிமேல் எந்த ஒறம்பரையும் திரும்பிப் பார்க்காது.

அக்கா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு.

"வலிக்குதாக்கா?"

"கை இல்லடா."

சுவிட்சுக்குப் பக்கத்தில் கடைசியாக ஒரு பூ மிச்சம் இருந்தது. அதன் மேல் உப்புத்தாளை வைத்தபோது, "அத மட்டும் உட்று கண்ணு," என்றாள்.

தேய்த்திருக்க வேண்டும். ஒரு பூ போதும், மறுபடியும் ஹாலுக்குப் போக. எனக்குத் தெரியும். விட்டுவிட்டேன். உப்புத்தாள் தேய்ந்துபோய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சமையல்கட்டில் கொண்டுபோய் வைத்து, அத்தை ஊற வைத்திருந்த அரிசியைப் போட்டு ஓட விட்டேன். வேண்டுமென்றே தண்ணீரைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றினேன். மாவு வெளியே தெறித்து, வழிந்து, மெரூன் முழுக்க வெள்ளை. அக்காவின் இடது கை தன்னாலேயே துணியைத் தேடியது. அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கெடக்கட்டும் உடு அம்மணி. இன்னும் நல்லா வழியட்டும்."

மூன்று பேரும் அந்த மாவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

உங்கள் வீட்டு ஹாலில் அப்படி ஒரு மெரூன் கிரைண்டர் இருந்தால், அதைச் செய்தவன் கேட்கிறேன் - இன்றைக்கே மாவைக் கொட்டி அதைக் கெடுத்துவிடுங்கள். பூப் போனால் திட்டுங்கள். தாராளமாகத் திட்டுங்கள்.

நேற்று அத்தையிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அவர் கையெழுத்து. அப்படியே தருகிறேன்.

'தம்பிக்கு. மிசினு நல்லா ஓடுது. நாந்தான் ஆட்டுறேன். உங்கக்காவ எந்த வேலையும் செய்ய உடறதில்ல. அந்த ஒத்தப் பூவுல மாவு பட்டா மட்டும் ஓடி வந்து, காஞ்ச துணிய வெச்சு, இடது கையில மெதுவா ஒத்தி எடுக்கறா. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துக்கறேன். வலது கை இன்னும் மேல வரல. இதையும் பொஸ்தகத்துல எழுதிப்போடாதீங்க.'

எழுதிவிட்டேன், அத்தை. இந்தத் தடவை கிண்டல் பண்ண எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.