பேரையாவது சொல் என்று அண்ணாமலையாரைக் கேட்டேன்

சூடான தோசைக்கல்லில் விரல் பட்டது எனக்குத் தெரியவே இல்லை. தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் பார்த்தேன். போன வருஷம் ஆடி மாதம் அது. செங்கம் சாலையில் ஒரு விடுதியில் சமையல் வேலை எனக்கு.

முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று அதற்கு முன்பே இருந்தது. காட்டாத இடமில்லை. ஒருவர் படர்தாமரை என்று களிம்பு கொடுத்தார். இன்னொருவர் சத்துக் குறைவு என்றார். மருந்துக்கடைக்காரர் சோப்பை மாற்றச் சொன்னார். ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. சலித்துப் போனேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிரிவலம் போனேன். பக்தியோடு போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். யமலிங்கத்தின் முன் நின்று சண்டையே போட்டேன். "குணமாக்கக்கூட வேணாம் சாமி. இது என்னன்னு பேரையாவது சொல்லித் தொலை."

பத்தே நாளில் சுகாதாரத் துறைப் பெண் ஒருவர் வாசலில் வந்து நின்றார். வீடு வீடாகத் தோல் பரிசோதனையாம். எரிச்சலோடு கையை நீட்டினேன். கண்ணை மூடச் சொன்னார்.

"பேனாவால எங்க தொட்றேன்னு சொல்லுங்கக்கா."

"மொதல்ல தொடும்மா, அப்புறம் சொல்றேன்."

"நாலு தபா தொட்டுட்டேன்க்கா."

கண்ணைத் திறந்தேன். பேனா முனை தேமலின் நடுவில் இருந்தது. தொழுநோய் என்று அரசு மருத்துவமனையில் உறுதி செய்தார்கள். இந்தப் பேரையா கேட்டேன் என்று மலையைப் பார்த்து அழுதேன்.

"இந்தக் காலத்துல ஏது அதெல்லாம்?" என்றார் என் கணவர்.

மருத்துவமனைக்குக் கூட வந்திருந்த அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்ல இல்லன்னு சொல்லியே யாரும் பாக்கறதில்லண்ணா. இந்தப் பக்கம் இவங்க மூணாவது ஆளு. மாத்திரை இலவசம். ஒரு வருஷம் விடாம சாப்பிட்டா செரியாயிடும்."

மறுநாள் என் கணவர் எனக்குத் தனித்தட்டு வைத்தார். அதைத் தெருவில் வீசினேன். "மாத்திரை போட ஆரம்பிச்சாச்சு. இனிமே ஒட்டாதுன்னு சொன்னாங்க இல்ல? இன்னும் என்னா பயம்?" ஒரு வாரம் கழித்து மாத்திரையையும் தண்ணீரையும் அவரே கொண்டுவந்து நீட்டினார்.

இந்த ஆவணியில் சிகிச்சை முடிந்தது. இரண்டு விரல்களில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் பத்து விரலும் இருக்கிறது. இப்போது விடுமுறை நாட்களில் அந்தப் பெண்ணோடு நானும் வீடு வீடாகப் போகிறேன். பாதி வீட்டில் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிறார்கள்.

அண்ணாமலையாரை நம்புங்கள். அழுங்கள், திட்டுங்கள், கேட்டுக்கொள்வார். ஆனால் அவர் அனுப்பிய ஆள் வந்து கூப்பிடும்போது, தயவுசெய்து கதவைத் திறங்கள்.