மூன்று முறை கூப்பிட்டும் திரும்பாதவர்

என் வீட்டுக்காரர் எவேலியோவைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. காட்டுக்குள் யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் லேசில் திரும்ப மாட்டார், அவ்வளவு நெஞ்சழுத்தம் என்பார்கள். எங்கள் பெத்தேன் காட்டில் பிறந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இலவ மரத்தடியில் தலைவாரிக்கொண்டு நிற்பாளே ஷ்டபாய் என்ற மோகினி, அவள் நமக்கு வேண்டியவர் குரலில்தான் கூப்பிடுவாள். ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. திரும்பியவன் வீடு வந்து சேர மாட்டான். மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் அது மனுஷக் குரல். அதுவரை நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். இந்தக் காலத்துப் பையன்கள் முதல் கூப்பிடலுக்கே பல்லைக் காட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். எவேலியோ மூன்றாவதுக்கும் திரும்புவதில்லை. தோளில் கை வைத்தால்தான் திரும்புவார்.

எனக்கு அதில் பெருமைதான். வெளியே சொன்னதில்லை. ஏற்கெனவே தலைக்கனம் பிடித்த மனிதர்.

சின்ன வயதில் மரமேறிப் பிசின் எடுத்தவர். பிறகு காட்டுக்குள் மண்மூடிக் கிடக்கும் பழைய கோயில் மேடுகளைத் தோண்ட வந்தவர்களுக்கு மண் சுமந்தார். அதன்பின் வழிகாட்டி. சாக் துன் மேடுகளைப் பார்க்க வருகிறவர்களை ஊரிலிருந்து நடத்திக் கூட்டிப்போவார். வெட்டுக்கத்தியோடு முன்னால் அவர், கோவேறு கழுதையோடு பின்னால் நான். சமையல் என்னுடையது. வருகிறவர்கள் புத்தகம் படித்துவிட்டு வந்து கேள்வியாகக் கேட்டுத் துளைப்பார்கள்.

"இதெல்லாம் யார் கட்டினது?"

"எங்க ஆளுங்க."

"எப்போ?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடி."

"அப்புறம் ஏன் எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிட்டாங்க?"

"எங்க போனாங்க? அதோ ஒருத்தி அடுப்பு ஊதிட்டிருக்கா பாருங்க."

இப்படித்தான் பேசுவார். ஆனாலும் அவரையே தேடி வருவார்கள். படம் ஒட்டிய வழிகாட்டி அட்டை அவர் கழுத்தில் சிலுவைக்குப் பக்கத்தில் எப்போதும் தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள், நிலம் கிடையாது. அந்த அட்டையும் போனால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பயம். கண்ணோ காதோ பழுதானவருக்கு அட்டை இல்லை என்று எங்கள் வழிகாட்டிகள் சங்கத்தில் ஒரு விதி. அதைக் கொண்டுவந்த அன்று முதலில் கை தூக்கியவரும் இவர்தான்.

போன வறட்சிக் காலத்தில் கொர்நேலியா என்று ஓர் அம்மாள் தனியாக வந்தாள். ஹாலந்துக்காரி, டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். கிளம்பும்போது எல்லோருக்கும் சொல்வதை எவேலியோ அவளுக்கும் சொன்னார். "தொலைஞ்சுட்டா நடக்காதீங்க. பெரிய இலவ மரமாப் பாத்து உக்காந்து, பலகை மாதிரி நிக்குமே வேரு, அதுல கட்டையால அடிங்க. நான் வந்துடுவேன்."

சாக் துன்னில் பெரிய மேட்டின் அடியில் பந்தல் போட்டோம். மதியம் நான் சோள மாவு பிசைந்துகொண்டிருந்தேன். எவேலியோ எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். கொர்நேலியா ஒதுங்கப் போகிறேன் என்று மேட்டுக்குப் பின்னால் போனவள், காட்டு வான்கோழி ஒன்றைப் பார்த்து அதன் பின்னாலேயே போயிருக்கிறாள். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

"எவேலியோ!" என்று ஒரு குரல்.

நான் நிமிர்ந்தேன். அவர் அசையவில்லை. சரி, முதல் கூப்பிடல். இரண்டாவதும் வந்தது. மூன்றாவதும் வந்தது. அவர் கத்தியைத் திருப்பிப் போட்டுத் தீட்டினார். நான்காவது குரலில் அழுகை கலந்திருந்தது, முன்னைவிடத் தூரத்திலிருந்தும் வந்தது.

"யோவ் கிழவா, போதும்யா உன் வீறாப்பு! எந்திரி!"

மாவை உருட்டி முதுகில் எறிந்தேன். திரும்பினார். ஒன்றுமே தெரியாத முகம்.

"எதுக்கு மாவ வீணாக்குற?"

"அந்தம்மா எத்தனை தடவ கூப்பிடறா!"

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். அந்த நேரத்தில் மறுபடியும் குரல் வந்தது. ஊளைக் குரங்குகள்கூட வாயை மூடியிருந்தன, அவ்வளவு தெளிவான குரல். அவர் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"உனக்குக் கேக்கல."

அவர் கத்தியைத் தரையில் வைத்தார். "மொதல்ல ஒரு பக்கம் போச்சு. அப்புறம் இன்னொண்ணும். கிட்ட வந்து சத்தமாப் பேசுனா கொஞ்சம் விழும். மத்தபடி உன் வாயப் பாத்துதான்."

ராத்திரியில் வலைத் தூளியில் படுத்துக்கொண்டு நான் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. மகளைப் பற்றி, என் இடுப்பு வலியைப் பற்றி, சாவைப் பற்றிக்கூடப் பேசியிருக்கிறேன். இருட்டில் அவர் ஒரு 'ம்' கூடச் சொல்லாமல் கிடப்பார். கல்நெஞ்சன் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அந்த இடத்திலேயே ஓவென்று அழுதிருப்பேன், ஆனால் காட்டுக்குள் ஒருத்தி தொலைந்து கிடந்தாள்.

மேட்டைச் சுற்றி ஓடி, "நடக்காதீங்கம்மா, அங்கயே இருங்க!" என்று கத்தினேன். குரல் நின்றுபோயிருந்தது. பிறகு மரத்தில் கட்டை மோதும் சத்தம். தொம், தொம். சொன்னதை மறக்காத புண்ணியவதி.

நான் கை நீட்டிய திசையை அவர் பார்த்தார். நேராகப் போனால் முள் பனைச் சதுப்பு, உள்ளே போனால் கால் எடுக்க முடியாது. இடப்பக்கமாகச் சுற்றி, பழைய குளத்தின் கரையேறி வழி வெட்டினார். அங்கங்கே நின்று திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். நான் காது கொடுத்துக் கேட்டுக் கை நீட்டுவேன். மறுபடி நடப்பார். என்னைத் தனியாக விட்டிருந்தால் நானும் அங்கேயே தொலைந்திருப்பேன்.

கொர்நேலியா இரண்டு பலகை வேர்களுக்கு நடுவே கையெல்லாம் கீறலோடு உட்கார்ந்திருந்தாள். அவரைக் கட்டிக்கொண்டு, எங்கள் மொழியில் தனக்குத் தெரிந்தவரை, "நான் அடிச்சேன், நீ கேட்டுட்டே! என்ன காது, என்ன காது!" என்றாள். எவேலியோ என்னைப் பார்த்தார். நான் அந்தம்மாவின் முழங்கையைத் துடைத்துவிட்டேன்.

ஊர் திரும்பும் வழியில், கொர்நேலியா கழுதைமேல் தூங்கி வழிந்தபோது, அவர் முன்னால் போய் நின்றேன். மறுநாளே அட்டை புதுப்பிக்கும் கூட்டம்.

"யாருக்கும் தெரிய வேணாம். நான் எதுக்க நின்னு அவங்க கேக்கறத சத்தமில்லாம வாயசைக்கறேன், நீ பதில் சொல்லு. இனிமே நான் காது, நீ காலு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"நீ ஒரு நாள் காய்ச்சல்ல படுத்துட்டா?"

"நான் எதுக்குப் படுக்கறேன்?"

அவர் சிரித்தார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சங்கக் கூடத்தில் வழிகாட்டிகள் எல்லோரும் இருந்தார்கள். கொர்நேலியா யாரும் கேட்காமலேயே எழுந்து நடந்ததைச் சொன்னாள். கட்டையால் மேசையில் தட்டிக்கூடக் காட்டினாள். கூடமே கைதட்டியது. தலைவர் வில்பிரிடோவுக்கு எவேலியோதான் காட்டைக் கற்றுக்கொடுத்தவர். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அண்ணே, அந்தக் காட்டுல சத்தம் எட்டுத் திசையிலயும் மோதுமே. இந்தப் பக்கந்தான்னு எப்படிண்ணே கண்டுபிடிச்சே? பசங்களுக்குச் சொல்லு."

எவேலியோ என்னைப் பார்த்தார். கேள்வியை வாயசைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது எனக்கு. சத்தமே இல்லாமல், "சொல்லாத, கிழவா. கும்பிடறேன், சொல்லாத" என்றேன். அந்தக் கூடத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் கேக்கல வில்பிரிடோ. கேட்டது என் பொண்டாட்டி நிக்கனோரா. அந்தம்மா பக்கத்துலயே இருந்து கூப்பிட்டாங்க. அப்பவும் எனக்குக் கேக்கல. இன்னொருத்தங்கள இப்படி விட்டுட்டு நான் உக்காந்திருக்கக் கூடாது."

வில்பிரிடோ அட்டையைத் தொட மாட்டேன் என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். எவேலியோவே அதை அவன் பக்கம் தள்ளிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

நான் பின்னாலேயே போனேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மடையா, கேட்டாயா என் பேச்சை, இனி விடிந்ததும் எங்கே போய் நிற்பாய், வெறுங்கழுத்தை யாரிடம் காட்டுவாய் என்று தெரு நெடுகத் திட்டினேன். பாதி தெரு போன பிறகுதான், அவர் முதுகிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடி அவரைத் தாண்டினேன். திரும்பி நின்று, முகத்துக்கு நேராக, முதலிலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.

அவர் நின்று என் வாயையே பார்த்தார்.

"மெதுவாத் திட்டு, கிழவி. உதடு நடுங்குது, பாதி புரியல."