வீட்டுக்குள் வராத படம்

பாபநாசத்தில் குளித்து எழுகிறவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். கருமாதிக்கு வந்தவர்களும் தோஷம் கழிக்க வந்தவர்களும் விடுவதுதான் அதிகம். அதைக் கொக்கி போட்டு இழுத்துக் கரையேற்றுவது என் வேலை. ஒரு நூலைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. தலைமுழுகிவிட்டுத்தான் வாசல்படி ஏறுவேன்.

ஒருநாள் படித்துறையில் ஒரு பெரியவர் வந்து நின்றார். "அந்தக் காவித் துண்டை இங்கன போடும் வே" என்றார். ஈரம் சொட்டச் சொட்ட அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் ஓவியர். அம்பாசமுத்திரத்துப் பக்கம் வயல் நிறைய வைத்திருந்த சைவக் குடும்பம். மெட்ராஸில் படித்து, பாதி ஆயுசை டெல்லியில் கழித்து, இருதய ஆபரேஷனுக்குப் பிறகு ஊர் திரும்பியிருந்தார். பழந்துணியைப் பலகையில் ஒட்டி அதன்மேல் வர்ணம் பூசுவது அவர் காட்டிய வழி, இன்று எத்தனையோ பேர் அதில்தான் போகிறார்கள் என்று அவரைப் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் சொன்னார்கள்.

அதன்பிறகு வாராவாரம் துணியை அலசிக் காயவைத்து அவர் படம் வரையும் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒட்டுவார், பிய்ப்பார், ஆற்றைப் போய்ப் பார்ப்பார், திரும்பி வந்து மறுபடியும் பிய்ப்பார். "ஓடுத தண்ணியில்லா? நிக்க மாட்டேங்குது வே" என்பார். நான் தலையாட்டுவேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். அவர் முன்னால் எனக்கு வாயே திறக்காது.

போன வருஷம் ஒரு சின்னப் படத்தை என் கையில் கொடுத்தார். கலங்கல் தண்ணீர், அதில் குறுக்கே ஒரு கிளிப்பச்சைச் சேலைக்கரை. "உமக்குத்தான். வீட்டுல மாட்டும். வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன்." அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மகள் பிரசவத்துக்கு வந்திருந்த நேரம் அது. மொபெட்டில் கட்டி வந்ததை அவிழ்க்கும்போதே என் மனைவி கண்டுகொண்டாள்.

"இது ஆத்துத் துணியில்லா? எவ சாவுக்கு விட்ட சேலையோ! மாசமா இருக்க புள்ள கிட்டயா கொண்டாருதிய?"

"பச்சை நல்லாத்தான இருக்கு" என்றாள் மகள் உள்ளேயிருந்து.

"நீ வாய மூடு. படி ஏறிராதிய, சொல்லிட்டேன்."

டீக்கடையில் மாட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "அண்ணாச்சி, இது ஆத்துல கெடந்ததுன்னு தெரிஞ்சா என் வடைய எவன் தொடுவான்?" என்றார் கடைக்காரர். படத்தை மொபெட்டிலேயே மழைக்கோட்டால் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன், வந்தேன். தூறல் விழுந்தால் கொக்கியைப் போட்டுவிட்டு வண்டியிடம் ஓடினேன். இவ்வளவு பெரிய மனிதர் கொடுத்ததை எப்படி வேண்டாம் என்பது?

வெள்ளிக்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கியவர், வாசலில் நின்ற மொபெட்டையும் அதில் சுற்றியிருந்த மழைக்கோட்டையும் பார்த்தார். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, இது வீட்டுக்குள்ள வரப்படாது. மக மாசமா இருக்கா."

அவர் முன்னால் நான் முழுதாகப் பேசியது அதுதான் முதல் தடவை. என் மனைவி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எங்க வீட்டுக்காரி மட்டும் விடுதாளாக்கும்? அந்த ஷெட்டு எதுக்குப் போட்டேன்னு நெனைக்கீரு? டெல்லியில ஒவ்வொருத்தன் வீட்டு ஹாலுலயும் என் படம் தொங்குது. எனக்கு என் வீட்டுல ஒரு ஆணி கெடையாது வே!"

என் மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். "உம்ம படம் ஷெட்டுல இருக்கட்டும்" என்று அதே ஆட்டோவில் கொண்டுபோனார்.

இப்போது பேரன் தவழ்கிறான். "நடக்க ஆரம்பிக்கட்டும், பின்வாசல்ல மாட்டிக்கலாம்" என்று என் மனைவி இறங்கி வந்திருக்கிறாள். ஆனால் படம் அப்படியே இல்லை. ஒவ்வொரு வெள்ளம் வடிந்த பிறகும் அவர் அதை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் வர்ணம் பூசுகிறார். கலங்கல் ஏறிக்கொண்டே வருகிறது. போன வாரம் பார்த்தபோது பச்சைக்கரையில் பாதிதான் மிச்சம்.

"ஐயா, போதும், அது என்னோடது." துணிமூட்டையோடு போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். ஷெட் வாசலில் வண்டியை நிறுத்தினால் அவர் தூரிகையோடு திரும்பி, "என்ன வே?" என்கிறார். நான் மூட்டையை இறக்கி வைக்கிறேன்.